கல்யாண கேசட்டை டிஸ்க்குக்கு மாற்றும்போது உள்ளே என்ன நடக்கிறது?

எங்கள் வீட்டுப் பீரோவின் அடித்தட்டில், பட்டுப் புடவைகளுக்குக் கீழே, 11 வீடியோ கேசட்டுகள் இருந்தன. சித்தி கல்யாணம், மாமா கல்யாணம், எனக்கும் தம்பிக்கும் காது குத்தியது, தாத்தாவின் சதாபிஷேகம். அவற்றை ஓட்டும் டெக் பழுதாகிப் பழைய சாமான்காரரிடம் போய் வெகு காலமாகிவிட்டது. கேசட்டுகளாவது பத்திரமாக இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். கறுப்பு நாடாவின் ஓரத்தில் சாம்பல் பூத்ததுபோல வெள்ளையாகப் படிந்திருந்தது. பூஞ்சை.

அதன் பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து, எல்லாவற்றையும் மாற்றி முடித்தேன். அக்கம்பக்கத்தில் சிலருக்கும் செய்து கொடுத்தேன். எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "காப்பி பண்றதுதானே, இதுல என்ன இருக்கு?" என்பது. பென் டிரைவிலிருந்து கணினிக்குக் காப்பி செய்வது வேறு, இது வேறு. கேசட்டுக்குள் ஃபைல் எதுவும் கிடையாது. அதில் இருப்பது ஒரு காந்தத் தடம். அதை மறுபடி ஓட்டி, ஓடும்போதே பிடித்து, எண்களாக எழுத வேண்டும். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும். வேகமாக ஓட்டிப் பிடிக்க வழியில்லை.

நாடாவில் படம் எப்படி இருக்கிறது

நம் ஊர்க் கல்யாணங்களில் பெரும்பாலும் பயன்பட்டது விஎச்எஸ் கேசட். ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் 1976-இல் கொண்டுவந்தது. இந்தியாவில் 1982-இல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டிக் கலர் டிவி வந்தது. அப்புறம்தான் டெக்கும், டெக்கை வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்ப்பதும், கல்யாணத்துக்கு வீடியோ எடுப்பதும் பரவின.

கேசட்டுக்குள் அரை அங்குல அகலத்தில் ஒரு பாலியெஸ்டர் நாடா இருக்கிறது. மூன்று மணி நேரக் கேசட்டில் அதன் நீளம் சுமார் 250 மீட்டர். அதன் ஒரு பக்கத்தில், பசைபோன்ற ஒரு பொருளில் கலந்து இரும்பு ஆக்சைடு துகள்களைப் பூசியிருப்பார்கள். படம் இந்தத் துகள்களின் காந்தப் போக்கில்தான் பதிந்திருக்கிறது.

டெக்கில் கேசட்டைத் தள்ளியதும் 'விர்' என்று ஒரு சத்தம் கேட்குமே, அது உள்ளே ஓர் உருளை சுற்றுகிற சத்தம். 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்த டிரம், நம் ஊர் டிவி முறையான 'பால்' (PAL) முறையில் நொடிக்கு 25 முறை சுற்றுகிறது. நாடாவோ நொடிக்கு 2.3 சென்டிமீட்டர்தான் நகர்கிறது. டிரம்மின் விளிம்பில் எதிரெதிராக, காந்தத் தடத்தை எழுதவும் படிக்கவும் இரண்டு சின்ன ஹெட்டுகள் இருக்கும். டிரம் சற்றுச் சாய்ந்திருப்பதால், அவை நாடாவின் மேல் கோணலாக ஒன்றன்பின் ஒன்றாகக் கோடு போட்டுக்கொண்டே போகும். ஒவ்வொரு கோடும் சுமார் 10 சென்டிமீட்டர் நீளம், தலைமுடியைவிடக் குறுகல். ஒரு கோட்டில் அரைப் படம் இருக்கிறது. ஒரு சுற்றுக்கு இரண்டு கோடு, நொடிக்கு 50 கோடு, அதாவது 50 அரைப் படம்.

இந்த அரைப் படக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். டெக்கில் 'ட்ராக்கிங்' பொத்தான் எதற்கென்றும் இப்போது புரிந்திருக்கும். பதிந்த கேமராவின் ஹெட் போன அதே கோட்டின் மேல் உங்கள் டெக்கின் ஹெட்டும் போக வேண்டும். கொஞ்சம் விலகினால் திரையில் குறுக்கே வெள்ளைப் பட்டை ஓடும். பட்டை தெரிந்தவுடன் கேசட் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பல நேரம் ட்ராக்கிங்கைச் சரிசெய்தாலே படம் வந்துவிடும்.

சும்மா இருந்தாலும் கெடும்

துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் அந்தப் பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். இளகிய நாடா ஹெட்டில் ஒட்டிக்கொண்டு கீச்சிடும், துகள் உதிரும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரிக் கடற்கரை ஊர்களில் ஈரம் எப்போதும் அதிகம். பூஞ்சைக்கு அது இன்னும் வசதி. துகள் உதிர்ந்த இடத்தில் படமும் போய்விடும். பிறகு எந்த மென்பொருளாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

நாடா ஒரு பக்கம் கெட, அதை ஓட்டும் இயந்திரமும் உலகத்தில் தீர்ந்து வருகிறது. கடைசிவரை டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. 2019-இல் யுனெஸ்கோ, ஒலி-ஒளி ஆவணக் காப்பகங்களின் உலகச் சங்கமான ஐஏஎஸ்ஏவுடன் சேர்ந்து, உலகெங்கும் உள்ள காந்த நாடாக்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை விடுத்தது. 2025 வாக்கிலேயே நாடாக்களை வழக்கமான முறையில் மாற்றுவது கைவிட்டுப் போகலாம் என்பது அதன் சாரம். அந்த வருடம் வந்தேவிட்டது. இன்னும் டெக் கிடைக்கிறது, பழுது பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். தேடத்தான் வேண்டும்.

டெக்கில் போடுவதற்கு முன்

முதலில் கேசட்டின் முதுகுப் பக்க ஓரத்தில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிடுங்கள். அது இல்லையென்றால் டெக் பதிவு செய்யாது. தவறுதலாக ரெகார்டு பொத்தான் அமுங்கிச் சித்தியின் தாலி கட்டின் மேல் வெற்றுத்திரை பதிந்துபோகும் ஆபத்து அதோடு தீர்ந்தது.

பிறகு, வெளிச்சத்தில் பார்ப்பது. நாடா சுருளின் மேல் வெள்ளைப் புள்ளியோ நூல் மாதிரி ஏதாவதோ தெரிந்தால் டெக்கில் போடவே கூடாது. அந்தப் பூஞ்சை ஹெட்டில் ஏறி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுகளுக்கும் பரவும். நம் வீட்டுப் பெரியவர்கள், "வெயில்ல ஒரு நாள் காய வச்சா சரியாயிடும்" என்பார்கள். வத்தலுக்கும் வடாமுக்கும் அது சரி. கேசட்டின் பிளாஸ்டிக் நெளிந்துவிடும், நாடாவும் சுருங்கும். தனி பிளாஸ்டிக் பையில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வைத்துவிட்டு, நாடாவைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுப்பதுதான் வழி. நீங்களே கையாளும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

நல்லபடியாகத் தெரியும் கேசட்டைக்கூட உடனே ஓட்டக் கூடாது. பல வருடம் ஒரே சுற்றில் இறுகிக் கிடந்த நாடா அது. ஒருமுறை கடைசிவரை முன்னால் ஓட்டி, முழுக்க ரிவைண்ட் செய்தால், சுற்று தளர்ந்து சீராகும். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்த கேசட் என்றால் சில மணி நேரம் அறை வெப்பத்துக்கு வரட்டும். இல்லாவிட்டால் அதன் மேல் ஈரம் கோக்கும்.

நான் செய்த பெரிய தவறையும் சொல்லிவிடுகிறேன். பழைய டெக் ஒன்று வாங்கி வந்த அன்றே, ஆசை தாங்காமல் தாத்தாவின் சதாபிஷேகக் கேசட்டைப் போட்டேன். டெக்கின் ரப்பர் உருளை வயதாகிப் பிசுபிசுத்திருந்தது. நாடாவை இழுத்துச் சுருட்டிக் கசக்கிவிட்டது. கசங்கிய இடத்தில் சில நொடிகள் போயே போய்விட்டன. தாத்தா தலையில் கலசத் தண்ணீர் ஊற்றத் தொடங்கும் நொடிகள். எந்த டெக்காக இருந்தாலும், போனால் பரவாயில்லை என்கிற ஒரு கேசட்டை, டிவியில் பதிந்த பழைய சினிமா ஏதாவது ஒன்றை, முதலில் முழுசாக ஓட்டிப் பாருங்கள். விலை மதிப்பில்லாத கேசட்டைக் கடைசியில் போடுங்கள்.

ஹெட்டைச் சுத்தம் செய்ய: மின்சார வயரைப் பிடுங்கிவிட்டு, வெள்ளைத் தாள் துண்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்து, டிரம்மின் மேல் மெதுவாக ஒற்றிப் பிடித்தபடி, மற்ற கையால் டிரம்மைச் சுற்றுங்கள். தாள் அசையக் கூடாது. மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் ஒடியும். காது குடையும் பஞ்சு வேண்டவே வேண்டாம், அதன் இழை ஹெட்டில் மாட்டிக்கொள்ளும்.

அலையை எண்ணாக்குவது

இப்போது டெக்கின் பின்பக்கம். மஞ்சள் இணைப்பில் படம், வெள்ளையிலும் சிவப்பிலும் ஒலி. இதன் வழியே வருவது ஏறி இறங்கும் ஒரு மின் அலை. கணினிக்கு அலை புரியாது, எண்தான் புரியும். நடுவில் மொழிபெயர்ப்பாளராக உட்காருவதுதான் கேப்சர் கார்டு. கட்டைவிரல் அளவில் யுஎஸ்பியில் செருகும் விதமாகக் கிடைக்கிறது.

அது செய்வது என்னவென்றால், அலையை மிகச் சிறிய இடைவெளிகளில் தொட்டுத் தொட்டு, அந்தந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம், என்ன நிறம் என்று எண்ணாகக் குறித்துக்கொள்கிறது. பால் முறையில் ஒரு படத்துக்குப் படுக்கையில் 720 புள்ளி, நெடுக்கில் 576 வரி. நொடிக்கு 25 படம். பெருக்கிப் பாருங்கள்: நொடிக்கு ஒரு கோடியே மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். அப்படியே சேமித்தால் ஒரு மணி நேரத்துக்கு 70 ஜிபியைத் தாண்டும். அதனால்தான் சுருக்கம் வருகிறது. அடுத்தடுத்த படங்களில் மாறாமல் இருக்கும் பகுதியைத் திரும்ப எழுதாமல் விடுவது, கண்ணுக்குத் தெரியாத நுணுக்கத்தைக் கழிப்பது என்று பல வேலைகள் அதில் நடக்கின்றன. எச்.264 என்கிற முறையில் நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் சேமித்தால் ஒரு மணி நேரம் சுமார் 2.25 ஜிபியில் அடங்கும். ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருளே பதிவு செய்யப் போதும்.

இந்த இடத்தில் நிதானம் வேண்டும். டிஸ்க் கெட்டால் இன்னொன்று எழுதலாம், ஃபைல் பெரிதாக இருந்தால் பிறகு சுருக்கலாம். நாடாவிலிருந்து பிடிக்கும் இந்த ஒரு கட்டம் மட்டும் ஒருவேளை கடைசி வாய்ப்பாக இருக்கும். அதனால் நல்ல தரத்தில் பிடியுங்கள், ஹார்டு டிஸ்க்கில் இடம் போவதைப் பார்க்காதீர்கள். பிடிக்கும்போதே பக்கத்தில் இருங்கள். நடுவில் படம் சிதறினால் நிறுத்தி, ஹெட்டைத் துடைத்து, அந்தப் பகுதியை மறுபடி ஓட்டுங்கள்.

மலிவான கேப்சர் கார்டில் அடிக்கடி வரும் தொல்லை, போகப் போகப் படமும் ஒலியும் விலகிப்போவது. நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து எடுத்த பிறகும் கெட்டி மேளம் கேட்டுக்கொண்டிருக்கும். பழைய நாடா ஒரே சீராக ஓடுவதில்லை. நேரம் தப்பி வரும் படங்களைக் கார்டு கைவிட்டுவிடும், ஒலி மட்டும் முழுசாக வந்துகொண்டிருக்கும். நேரத்தைச் சீர்படுத்தும் 'டைம் பேஸ் கரெக்டர்' என்ற கருவியை நடுவில் வைத்தால் தீரும். அது விலை அதிகம். யாரிடமாவது பழைய டிவிடி ரெகார்டர் இருந்தால், டெக்கை அதில் இணைத்து, அதிலிருந்து கார்டுக்கு எடுத்துப் பாருங்கள். பல ரெகார்டர்கள் ஓரளவுக்கு இதே வேலையைச் செய்துவிடும்.

இன்னொன்று, அந்த அரைப் படக் கணக்கு. கேசட்டில் முதலில் ஒற்றைப்படை வரிகள், அடுத்து இரட்டைப்படை வரிகள் என்று மாற்றி மாற்றி வருகின்றன. பழைய டிவி அப்படியே காட்டும். கணினித் திரை இரண்டையும் ஒன்றாகக் கோத்துக் காட்டும்போது, கை அசையும் இடத்தில் சீப்புப் பல் மாதிரிக் கோடு தெரியும். மொபைலில் பார்க்கும் காப்பிக்கு, ஹேண்ட்பிரேக் மென்பொருளில் 'டீஇன்டர்லேஸ்' செய்து, அதாவது அரைப் படங்களை முழுப் படங்களாக்கி, நொடிக்கு 50 படமாக வைத்தால் அசைவு வழுவழுப்பாக இருக்கும். டிவிடிக்கு அது தேவையில்லை. டிவிடி அரைப் படங்களை அப்படியே ஏற்கும்.

படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 4:3 ஆகவே இருக்கட்டும். இரு பக்கமும் கறுப்பாக இருக்கிறதே என்று அகலத் திரைக்கு இழுத்துவிட்டால் மணப்பெண்ணிலிருந்து பந்தி பரிமாறுபவர் வரை எல்லோரும் குட்டையாகி உப்பிவிடுவார்கள். அதேபோல், '4கே-யில் மாற்றித் தருகிறோம்' என்பதற்காக அதிகப் பணம் கொடுக்காதீர்கள். விஎச்எஸ் நாடாவில் படுக்கைவாக்கில் சுமார் 240 கோடு அளவுக்குத்தான் நுணுக்கம் உண்டு. இல்லாத நுணுக்கத்தை யாராலும் அதிலிருந்து எடுக்க முடியாது.

வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் அனுப்பிய கேசட் இருக்கிறதா? கனடாவிலும் அமெரிக்காவிலும் எடுத்தது என்டிஎஸ்சி முறை. இந்தியாவும் இலங்கையும் பால் முறை. டொராண்டோவில் எடுத்த கல்யாணத்தை பால் மட்டுமே ஓட்டும் டெக்கில் போட்டால் நிறமில்லாமல், படம் மேலே உருண்டுகொண்டே போகும். கேசட்டில் கோளாறு இல்லை. இரண்டு முறையையும் ஓட்டும் டெக் வேண்டும், கேப்சர் மென்பொருளிலும் முறையை மாற்ற வேண்டும்.

டிஸ்க்கில் எவ்வளவு பிடிக்கும்

'டிவிடி' என்ற ஒரே சொல்லில் நாம் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறோம். பிளேயரில் போட்டால் மெனுவோடு ஓடும் வீடியோ டிவிடி ஒன்று. ஃபைல்களை அப்படியே நகலெடுத்து வைக்கும் டேட்டா டிவிடி இன்னொன்று. வீடியோ டிவிடிக்கு எம்பெக்-2 என்ற பழைய முறையில் மறுபடி சுருக்கியாக வேண்டும். டிவிடிஸ்டைலர் போன்ற இலவச மென்பொருள் அதைச் செய்யும். டிவிடி பிளேயர் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு இது வசதி. பாதுகாப்புப் பிரதிக்கு டேட்டா டிவிடிதான் சரி.

சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. கணினி அதை 4.38 என்று காட்டும், பயப்பட வேண்டாம், எண்ணும் முறைதான் வேறு. வீடியோ டிவிடியில் ஒரு மணி நேரம் மிக நன்றாகப் பிடிக்கும். இரண்டு மணி நேரம் நொடிக்கு சுமார் 5 மெகாபிட்டில் நன்றாகவே பிடிக்கும். மூன்று மணி நேரத்தைத் திணித்தால் அசைவு வரும் இடமெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். பழைய நாடாவின் புள்ளி இரைச்சல் சுருக்கத்தை இன்னும் கஷ்டப்படுத்தும். முகூர்த்தம் ஒரு டிஸ்க், வரவேற்பு ஒரு டிஸ்க் என்று பிரித்துவிடுவது என் பழக்கம்.

2000-ஐ ஒட்டி பல ஸ்டுடியோக்கள் கல்யாண கேசட்டை விசிடியாக மாற்றிக் கொடுத்தன. அது 352-க்கு 288 புள்ளிதான், டிவிடியில் கால் பங்கு. கையில் விசிடி இருப்பதால் கேசட்டைத் தூக்கிப் போட்டவர்கள் நிறையப் பேர். உங்களிடம் இரண்டும் இருந்தால் கேசட்டிலிருந்து மறுபடி எடுங்கள். இப்போது மாற்றிய பிறகும் கேசட்டை எறியாதீர்கள். ரிவைண்ட் செய்து, புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள்.

வீட்டில் எழுதும் டிஸ்க்கும் சாசுவதமில்லை. உள்ளே ஒரு சாய அடுக்கை லேசர் சுட்டுத்தான் எழுதுகிறது. வெயில் பட்டால் சாயம் வெளுக்கும். நல்ல டிஸ்க்காக வாங்கி, குறைந்த வேகத்தில் எழுதி, எழுதியதைச் சரிபார்க்கும் வசதியையும் பயன்படுத்துங்கள். மேலே பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள், ஸ்டிக்கரும் ஒட்டாதீர்கள். சாயத்துக்குப் பதில் கனிமப் பொருள் அடுக்கு கொண்ட எம்-டிஸ்க் என்ற வகை இன்னும் உறுதியானது. ஆனால் அதற்கேற்ற ரைட்டர் வேண்டும். இப்போது வரும் பெரும்பாலான லேப்டாப்களில் டிஸ்க் போடும் இடமே கிடையாது என்பதையும் யோசியுங்கள். நான் வைத்திருப்பது மூன்று பிரதி: ஒன்று டிஸ்க்கில், ஒன்று ஹார்டு டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் தம்பி வீட்டில்.

ஸ்டுடியோவில் கொடுப்பதானால், பென் டிரைவையும் சேர்த்துக் கொடுத்து, 'டிவிடியோடு மூல ஃபைலும் வேண்டும், எடிட் எதுவும் வேண்டாம், ஒலியை மாற்ற வேண்டாம்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எனக்கு இது ரொம்ப முக்கியம். தெரிந்த குடும்பம் ஒன்றுக்கு, அழகாக இருக்கட்டும் என்று ஒரு ஸ்டுடியோவில் பழைய ஒலியை அழித்துவிட்டுப் புதுச் சினிமாப் பாட்டைப் போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் கேசட்டில்தான் அவர்கள் பாட்டியின் குரல் இருந்தது. நல்லவேளை, கேசட்டைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். மறுபடி எடுத்தோம்.

எட்டு மில்லிமீட்டர் ஹேண்டிகேம் கேசட், ஹை8 எல்லாவற்றுக்கும் இதே முறைதான், அந்தந்தக் கேமராவே டெக்காகும். மினிடிவி மட்டும் வேறு. அதில் ஏற்கெனவே எண்களாகத்தான் பதிந்திருக்கிறது, ஃபயர்வயர் கேபிள் வழியே தரம் குறையாமல் அப்படியே இறக்கலாம். ஒரு மணி நேரம் சுமார் 13 ஜிபி வரும்.

ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது 'வீடியோ1' என்று விட்டுவிடாதீர்கள். வருடம், ஊர், யார் கல்யாணம் என்று எழுதுங்கள். அப்புறம் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். எத்தனையாவது நிமிடத்தில் யார் வருகிறார்கள் என்று குறித்து, டிஸ்க்கோடு சேர்த்து வையுங்கள். சித்தி கல்யாணத்தில் பெரிய அத்தை 63 பேரை அடையாளம் சொன்னார். பந்தியில் நின்று பரிமாறுகிறவர் என் அப்பாவின் பால்ய சிநேகிதர் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். 47-ஆவது நிமிடத்தில், மணமேடைக்குப் பின்னால் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பச்சைப் பாவாடைச் சிறுமி யாரென்று அத்தைக்கும் தெரியவில்லை. அடுத்த மாதம் மாயவரத்திலிருந்து மாமா வருகிறார், அவரிடம் போட்டுக் காட்ட வேண்டும்.